முதல் பார்சல் சொல்லும் பாடம்

இன்னொரு வாசல்

திருப்பதிக்குத் தினமும் பல ஆயிரம் பேர் வருகிறார்கள். மலைக்குப் போய்ச் சாமி கும்பிடுகிறார்கள். சிலர் காளஹஸ்திக்கும் போகிறார்கள். ஊர் திரும்பும்போது ஏதாவது ஒரு பொருள் வாங்கிப் போகிறார்கள்.

இவர்களை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. காளஹஸ்தியில் கலம்காரித் துணி செய்கிறார்கள். மாதவமாலா கிராமத்தில் மரத்தில் சாமி சிலை செதுக்குகிறார்கள். சித்தூர்ப் பக்கம் மாம்பழத்துக்கும் வெல்லத்துக்கும் பேர் போனது. ஊறுகாயும் அப்பளமும் போட்டு விற்கும் பெண்களும் இங்கே உண்டு.

2020 மார்ச் மாதம் கொரோனா நோய் பரவியது. திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது. ஜூன் மாதம்தான் மறுபடியும் தொடங்கியது. அதுவரை பஸ் சரியாக ஓடவில்லை. கூட்டம் இல்லை. செய்த பொருள் வீட்டிலேயே இருந்தது. வாங்க ஆள் இல்லை.

ஒரே வாசலை நம்பி இருந்தால், அந்த வாசல் மூடும்போது அடுப்பும் அணைந்துவிடும் அல்லவா?

அந்த நாட்களில்தான் பலர் கையில் இருந்த செல்போனை இன்னொரு வாசலாகப் பார்த்தார்கள். பொருளைப் படம் எடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். தெரிந்தவர்கள் வாங்கினார்கள். பிறகு தெரியாதவர்களும் கேட்டார்கள். இதைத்தான் ஆன்லைன் வியாபாரம் என்கிறோம்.

தொடங்குவது எளிது. தொடர்ந்து நடத்துவதுதான் கடினம். முதல் சில பார்சல்களில் எல்லாருக்கும் ஏதாவது தவறு நேரும். சிலர் மனம் உடைந்து நிறுத்திவிடுவார்கள். சிலர் அதே தவறைத் திரும்பத் திரும்பச் செய்து கடன்படுவார்கள். சிலர் தவறைப் பாடமாக்கி முன்னேறுவார்கள். அது எப்படி? அதைத்தான் இங்கே படிக்கப் போகிறோம்.

பார்க்காமல் வாங்குகிறவர்

கடையில் வாங்குகிறவர் துணியைத் தொட்டுப் பார்ப்பார். விரித்துப் பார்ப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் கேட்பார். பேரம் பேசுவார். பிறகுதான் பணம் தருவார்.

ஆன்லைனில் இது எதுவும் முடியாது. வாங்குகிறவர் எங்கோ இருக்கிறார். அவரிடம் மூன்று பொருள்தான் போய்ச் சேருகின்றன. ஒன்று, நாம் எடுத்த படம். இரண்டு, நாம் எழுதிய சொல். மூன்று, நாம் கட்டிய பார்சல். இந்த மூன்றும் சரியாக இருந்தால் வியாபாரம் நிற்கும். ஒன்று பிசகினாலும் பொருள் திரும்பி வரும்.

கலம்காரியை எடுத்துக்கொள்வோம். கலம் என்றால் பேனா. மூங்கில் குச்சியின் முனையைச் சீவி, அதன் மேல் துணி சுற்றி, அதைப் பேனாவாக வைத்துக் கையால் வரைவது காளஹஸ்தி முறை. முதலில் பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைப்பார்கள். இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊற வைத்துக் கறுப்பு மை எடுப்பார்கள். சிவப்பு பிடிக்கப் படிகாரம் சேர்ப்பார்கள். செடி, வேர், பட்டை இவற்றிலிருந்து மற்ற நிறங்கள் வரும். நடுநடுவே துணியைப் பலமுறை அலச வேண்டும். ஒரு துணி முடிய நாள் கணக்கில் ஆகும்.

இந்தத் தொழில் ஒரு காலத்தில் நலிந்து போயிருந்தது. 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாய் எடுத்த முயற்சியால் காளஹஸ்தியில் பயிற்சி நிலையம் வந்தது. பலர் கற்றார்கள். தொழில் மீண்டும் தலைதூக்கியது. காளஹஸ்திக் கலம்காரிக் கலைஞர் ஜொன்னலகட்டா குரப்பச் செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. காளஹஸ்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதாவது, இந்தப் பெயர் இந்த ஊர்ப் பொருளுக்கே உரியது என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். மசூலிப்பட்டினம் பக்கம் மர அச்சால் செய்யும் கலம்காரி உண்டு. அதுவும் நல்ல தொழில்தான். ஆனால் இயந்திரத்தில் அச்சடித்த துணியையும் சிலர் கலம்காரி என்றே விற்கிறார்கள். செல்போன் படத்தில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல் தெரியும். வாங்குகிறவருக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

நாம் எழுதும் சொல்லால்தான் தெரியும்.

“அழகான கலம்காரி” என்று எழுதினால் போதாது. “கையால் வரைந்தது. பருத்தித் துணி. இயற்கைச் சாயம். நீளம் இரண்டரை மீட்டர். தனியாக அலச வேண்டும். ஒரு துணிக்கும் இன்னொரு துணிக்கும் நிறம் சற்று மாறும்” என்று எழுத வேண்டும். கையால் வரையாத துணியைக் கையால் வரைந்தது என்று எழுதக் கூடாது. ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை வரமாட்டார். பத்துப் பேரிடமும் சொல்லுவார்.

படத்துக்கும் இது பொருந்தும். இரவில் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் சிவப்பு வேறாகத் தெரியும். காலையில் நிழலான இடத்தில் வைத்து எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவு டேப்பை நீட்டி வைத்து ஒரு படம் எடுங்கள். பின்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். சிறிய கறை இருந்தால் அதையும் காட்டுங்கள். மறைத்த கறை பார்சலைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

பெரியவர்களும் இப்படித்தான் கற்றார்கள்

பெரிய நிறுவனங்கள் எல்லாம் பிறக்கும்போதே எல்லாம் தெரிந்து பிறந்தவை என்று நினைக்கிறோம். அப்படி அல்ல.

ஃபிளிப்கார்ட் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். 2007ஆம் ஆண்டு சச்சின் பன்சால், பின்னி பன்சால் என்ற இரண்டு இளைஞர்கள் பெங்களூரில் அதைத் தொடங்கினார்கள். முதலில் புத்தகம் மட்டும் விற்றார்கள். அவர்களுக்கு வந்த முதல் ஆர்டர் மஹபூப்நகரிலிருந்து வந்தது. அந்த ஊர் அப்போது ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தது. இப்போது தெலங்கானாவில் இருக்கிறது. அவர் கேட்ட புத்தகம் இவர்கள் கையில் இல்லை. பெங்களூர்ப் புத்தகக் கடைகளில் அலைந்து தேடி, வாங்கி அனுப்பினார்கள். கையில் இல்லாத பொருளுக்கு ஆர்டர் வந்தால் என்ன பாடு என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள். முகம் தெரியாதவருக்கு முன்பணம் அனுப்ப மக்கள் தயங்கினார்கள். அதனால் 2010இல், பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். வியாபாரம் பெருகியது.

ஆனால் பெரியவர்களுக்குப் பொருந்துவது எல்லாம் நமக்குப் பொருந்தாது. பொருள் வந்தபின் பணம் என்று சொன்னால், சிலர் பார்சல் வந்ததும் “வேண்டாம்” என்று சொல்லிவிடுவார்கள். போக வரச் செலவு நம் தலையில் விழும். பெரிய நிறுவனம் அதைத் தாங்கும். சிறு வியாபாரி தாங்க முடியுமா? தெரியாதவர் என்றால் பார்சல் செலவையாவது முன்பே வாங்கிக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் ஜெஃப் பெசோஸ் என்பவர் 1995இல் அமேசான் கடையைத் திறந்தார். அதுவும் புத்தகக் கடைதான். ஆரம்பத்தில் எல்லாரும் சிமெண்டுத் தரையில் முட்டி போட்டுப் பார்சல் கட்டினார்கள். முட்டி வலித்தது. முட்டிக்கு மெத்தைபோல ஏதாவது வாங்கலாம் என்று பெசோஸ் நினைத்தார். பக்கத்தில் இருந்தவரோ, மேசை வாங்கலாமே என்றார். மேசை வந்தது. வேலையும் வேகமாக நடந்தது. பக்கத்தில் வேலை செய்கிறவர் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டதால் வந்த நன்மை இது.

நம் நாட்டுப் பெண்கள் கதை ஒன்றும் உண்டு. 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளத் தொழில் தொடங்கினார்கள். அதுதான் இன்று லிஜ்ஜத் அப்பளம். முதல் ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் வேலை நின்றது. அடுத்த ஆண்டும் மழை வந்தது. ஆனால் வேலை நிற்கவில்லை. ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்துக் காய வைத்தார்கள்.

மழை பாடம் சொன்னது. கட்டிலும் அடுப்பும் வந்தபோதுதான் அந்தப் பாடம் முன்னேற்றம் ஆனது. “இந்தத் தடவை கற்றுக்கொண்டேன்” என்று சொன்னால் மட்டும் போதாது. அடுத்த தடவை எதை மாற்றிச் செய்தோம் என்பதுதான் கேள்வி.

நான்கு கட்டம் போட்ட நோட்டு

வாயால் சொன்னது மறந்துவிடும். எழுதி வைத்தது மறக்காது. எழுதப் படிக்கக் கற்றதன் பயன் இங்கேதான் கைமேல் கிடைக்கிறது. பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டம் போடுங்கள்.

முதல் கட்டம்: தேதி, என்ன பொருள், எந்த ஊர்.
இரண்டாம் கட்டம்: என்ன நடந்தது.
மூன்றாம் கட்டம்: ஏன் நடந்தது.
நான்காம் கட்டம்: அடுத்த முறை என்ன மாற்ற வேண்டும்.

ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

துப்பட்டா. சென்னை. திரும்பி வந்தது. படத்தில் இருந்த நிறம் இல்லை என்றார். ராத்திரி எடுத்த படம். இனிக் காலை வெளிச்சத்தில் எடுக்க வேண்டும்.

துப்பட்டா. கர்னூல். திரும்பி வந்தது. நீளம் போதவில்லை என்றார். அளவு எழுதவில்லை. இனி மீட்டர் கணக்கு எழுத வேண்டும்.

மாங்காய் ஊறுகாய். பெங்களூர். எண்ணெய் வழிந்து பெட்டி நனைந்தது. மூடி இறுகவில்லை. பிளாஸ்டிக் உறையில் போடவில்லை. இனி மூடிக்கு மேல் டேப் ஒட்டி, உறையில் போட்டு, பிறகு பெட்டியில் வைக்க வேண்டும்.

நான்காம் கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பாடம் இன்னும் முடியவில்லை என்று பொருள். நல்லது நடந்தாலும் எழுதுங்கள். ஒருவர் இரண்டாம் முறை வாங்கினாரா? ஏன் வாங்கினார் என்று கேட்டு எழுதுங்கள். எதை விடக்கூடாது என்பதும் தெரிய வேண்டும் அல்லவா?

கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு துப்பட்டாவை 1,000 ரூபாய்க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக் கற்பதற்காகச் சொல்லும் விலை. உங்கள் பொருளுக்கு உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள்.

துணி: ரூ.250
சாயச் செலவு: ரூ.100
வரைகிறவர் கூலி: ரூ.350
உறை, பெட்டி, டேப்: ரூ.20
பார்சல் செலவு: ரூ.90
இணையச் சந்தைக்குக் கமிஷன்: ரூ.100
மொத்தச் செலவு: ரூ.910
லாபம்: ரூ.90

கூலி என்று 350 ரூபாய் எழுதியிருக்கிறோம். வரைகிறவர் நம் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் அதை எழுத வேண்டும். பலர் இதை எழுதுவதில்லை. “வீட்டு வேலைதானே” என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால், உழைப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டு லாபம் வந்தது என்று நினைத்துக்கொள்வோம்.

சரி, ஒரு துப்பட்டா திரும்பி வந்தால் என்ன ஆகும்? போன செலவு ரூ.90. திரும்பி வந்த செலவு ரூ.90. வீணான உறையும் பெட்டியும் ரூ.20. மொத்தம் ரூ.200 நட்டம். துணி கெடாமல் வந்தது, கமிஷனும் பிடிக்கவில்லை என்று வைத்தாலே இவ்வளவு. இரண்டு துப்பட்டா விற்றால் வரும் லாபம் ரூ.180. அதையும் தாண்டிய நட்டத்தை ஒரு ரிட்டர்ன் கொண்டுவருகிறது!

இனிப் பத்துப் பார்சலுக்குக் கணக்குப் பார்ப்போம்.

முதல் பத்தில் 3 திரும்பி வந்தன. விற்றவை 7. லாபம் 7 x 90 = ரூ.630. நட்டம் 3 x 200 = ரூ.600. கையில் நிற்பது ரூ.30.

நோட்டைப் பார்த்தோம். படத்தை மாற்றினோம். அளவை எழுதினோம். அடுத்த பத்தில் ஒன்றுதான் திரும்பி வந்தது. விற்றவை 9. லாபம் 9 x 90 = ரூ.810. நட்டம் ரூ.200. கையில் நிற்பது ரூ.610.

அதே துணி. அதே கை. அதே விலை. முன்பு ரூ.30. இப்போது ரூ.610. புதிதாகக் கடன் வாங்கவில்லை. விளம்பரத்துக்குச் செலவு செய்யவில்லை. நோட்டில் எழுதியதை நடைமுறைக்குக் கொண்டுவந்தோம், அவ்வளவுதான்.

அதனால் ஒவ்வொரு பத்துப் பார்சலுக்கும் ஒரு கோடு போட்டுக் கணக்கை முடியுங்கள். எத்தனை திரும்பி வந்தன? ஏன்? கையில் எவ்வளவு நின்றது? போன பத்தைவிட இந்தப் பத்து மேலானதா? முதல் பத்தின் கணக்குத் தெரியும் முன்பே நூறு துணிக்குக் கடன் வாங்கக் கூடாது.

பணம் வந்ததா?

இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

“அக்கா, ஐதராபாத்காரர் பணம் அனுப்பிட்டாராம். அனுப்பின ரசீதைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கார். பார்சலைப் போட்டுடட்டுமா?”

“போட்டோ இருக்கட்டும் தங்கச்சி. நம்ம கணக்குல ஏறிச்சா?”

“அதைப் பாக்கலையே அக்கா. அவர் அவசரம்னு சொல்றார்.”

“அவசரம் அவருக்கு. பணம் நமக்கு. முதல்ல பேங்க் கணக்கைப் பாரு.”

“ஏறலை அக்கா. இப்ப வேற ஒண்ணு அனுப்பியிருக்கார். இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க, பணம் வந்துடும்னு எழுதியிருக்கார்.”

“போடாதே! பணம் வாங்கறதுக்கு யாராவது பெட்டிச் சாவியைக் கொடுப்பாங்களா?”

அக்கா சொன்னது சரிதான். செல்போனில் பணம் அனுப்பும் யுபிஐ முறை 2016இல் வந்தது. அதில் பின் நம்பர் என்பது பெட்டியைத் திறக்கும் சாவி. நாம் பணம் கொடுக்கும்போது அதைப் போட வேண்டும். பணம் வாங்க அது வேண்டவே வேண்டாம். யாராவது “பணம் வர பின் நம்பர் போடுங்கள்” என்றால் அவர் ஏமாற்றுக்காரர். ஓடிபி எண்ணையும் யாருக்கும் சொல்லக் கூடாது. ரசீதின் படத்தைப் பொய்யாகவும் செய்யலாம். நம் கணக்கில் ஏறினால்தான் பணம்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். இது இணையப் பண மோசடிக்கான அரசு உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு. உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சித்தூரிலிருந்து வேலூர் ரொம்ப தூரம் இல்லை. பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். விஜயவாடாவோ வெகு தூரம். ஆனால் வரிக் கணக்கில் விஜயவாடா நம் மாநிலம். வேலூர் வேறு மாநிலம். எல்லையோர வியாபாரி இதை மறக்கக் கூடாது.

2023 அக்டோபர் 1 முதல் சிறு வியாபாரிகளுக்கு ஒரு சலுகை உண்டு. ஆண்டு விற்பனை சட்டம் சொல்லும் வரம்புக்குள் இருந்தால், ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே இணையச் சந்தை நிறுவனங்கள் வழியாகப் பொருள் விற்கலாம். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான். அதற்கும் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். அந்த நிறுவனங்கள் வழியாக வேலூருக்கும் சென்னைக்கும் விற்க வேண்டுமானால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். விதிகள் மாறக் கூடியவை. அதனால் தொடங்கும் முன் விவரம் தெரிந்த கணக்காளரிடமோ அரசு அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊறுகாய், அப்பளம் போன்ற தின்பண்டம் விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பாட்டிலின் மேல் என்ன பொருள், என்ன சேர்ந்தது, எடை எவ்வளவு, எப்போது செய்தது, எதுவரை சாப்பிடலாம் என்று அச்சிட வேண்டும். இது வெறும் சட்டம் மட்டும் அல்ல. ஒரு குழந்தையின் வயிறு கெடாமல் காக்கும் காரியம்.

சிறு தொழில் செய்கிறவர்கள் உதயம் என்ற அரசுப் பதிவைச் செய்யலாம். 2020இல் தொடங்கிய இந்தப் பதிவுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. பணம் கொடுத்தால்தான் அரசு பதிவு செய்யும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விற்கும் இடமும் பல உண்டு. தனியார் சந்தைகளில் கமிஷன் எவ்வளவு, ரிட்டர்ன் செலவு யாருடையது என்று முதலில் கேளுங்கள். கைத்தறி, கைவினைப் பொருளுக்காக மத்திய ஜவுளி அமைச்சகம் 2023இல் இந்தியாஹேண்ட்மேட் என்ற இணையச் சந்தையைத் தொடங்கியது. மகளிர் குழுக்கள் செய்யும் பொருளுக்கு இ-சரஸ் என்ற அரசுச் சந்தை இருக்கிறது. ஆந்திர அரசின் லேபாக்ஷி கடைகளும் கைவினைப் பொருள்களை விற்கின்றன. ஒன்றில் தொடங்கிப் பழகுங்கள். நோட்டில் கணக்கு நேரானபின் அடுத்ததற்குப் போங்கள்.

ஒருவருக்கு வந்த பாடம் எல்லாருக்கும்

1990களின் தொடக்கத்தில் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் பெண்கள் எழுத்தறிவு வகுப்புக்குப் போனார்கள். பாடப் புத்தகத்தில் சாராயத்தால் சீரழிந்த குடும்பத்தின் கதை இருந்தது. படித்தார்கள். கூடிப் பேசினார்கள். தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். போராட்டம் மற்ற ஊர்களுக்கும் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரப் பிரதேசத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. அதன்பின் அந்தப் பெண்கள் தினம் ஒரு ரூபாய் சேமிக்கும் குழுக்களைத் தொடங்கினார்கள். அந்தத் திட்டத்துக்குப் பொதுபுலட்சுமி என்று பெயர். பொதுபு என்றால் தெலுங்கில் சேமிப்பு.

புத்தகத்தில் படித்த பாடத்தை அவர்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. ஊரோடு பேசினார்கள். அதனால்தான் காரியம் நடந்தது.

ஆன்லைன் வியாபாரத்திலும் அப்படிச் செய்யலாம். டுவாக்ரா குழுவில் பத்துப் பேர் இருந்தால், பத்துப் பேரின் நோட்டையும் மாதம் ஒருமுறை கூட்டத்தில் படிக்கலாம். ஒருவருக்குப் பாட்டில் உடைந்தது என்றால் மற்ற ஒன்பது பேருக்கும் பாட்டில் உடைய வேண்டியதில்லை. எண்ணெய் வழியாமல் கட்டத் தெரிந்தவர் மற்றவர்களுக்குச் சொல்லித் தரலாம். படம் நன்றாக எடுக்கும் பெண்ணிடம் எல்லாரும் பொருளைக் கொண்டுபோகலாம். பெட்டியும் டேப்பும் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும்.

செல்போனில் வரும் ஆர்டரைத் தானே படிக்க வேண்டும். விலாசத்தைத் தானே எழுத வேண்டும். கணக்கைத் தானே போட வேண்டும். படித்துச் சொல்ல மகனுக்காகவோ பக்கத்து வீட்டுக்காரருக்காகவோ காத்திருந்தால், லாபம் எவ்வளவு என்பதும் அவர்கள் சொல்லித்தான் தெரியும். முதலில் மெதுவாகத்தான் வரும். எழுத்துக் கூட்டிப் படித்த நாளில் பஸ்ஸின் பெயர்ப் பலகையும் மெதுவாகத்தான் வந்தது. இன்று தூரத்திலிருந்தே படிக்கிறோம் அல்லவா?

பேசிப் பார்ப்போம்

1. கடையில் வாங்குகிறவருக்கும் ஆன்லைனில் வாங்குகிறவருக்கும் என்ன வித்தியாசம்?
2. மும்பைப் பெண்கள் இரண்டாம் ஆண்டு மழையை எப்படிச் சமாளித்தார்கள்?
3. வீட்டுப் பெண்ணின் உழைப்புக்குக் கூலி எழுதாவிட்டால் என்ன ஆகும்?
4. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டுமா? ஏன்?
5. உங்கள் ஊரில் என்ன பொருளை வெளியூருக்கு அனுப்பி விற்கலாம்? அதைக் கெடாமல் எப்படிக் கட்டலாம்?

எழுதிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளை எடுங்கள். அதைப் பார்க்காதவர் வாங்கும்படி ஐந்து வரி எழுதுங்கள். உண்மை மட்டும் எழுதுங்கள்.
2. ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். இந்த வாரம் உங்கள் வேலையில் நேர்ந்த ஒரு தவறை அதில் எழுதுங்கள். நான்காம் கட்டத்தை மறக்க வேண்டாம்.

கணக்கு

ஒரு பொருளுக்கு லாபம் ரூ.90. திரும்பி வந்தால் நட்டம் ரூ.200. பத்துப் பார்சலில் 2 திரும்பி வந்தன. கையில் நிற்பது எவ்வளவு?

(விடை: 8 x 90 = 720. 2 x 200 = 400. கையில் நிற்பது ரூ.320.)